மரியாதை பாடிக்கு, கணக்கு எஞ்சினுக்கு

பரளச்சிப் பக்கம் கார் வருவதற்கு வெகுகாலம் முன்பே எஞ்சின் வந்துவிட்டது. திருச்சுழி வட்டத்தின் இந்தக் கரிசல் காட்டில் பெரும்பகுதி மானாவாரி. கண்மாய் பெருகினால் நெல். இல்லாவிட்டால் கம்பு, சோளம், பருத்தி, மல்லி, மிளகாய். கிணறு வாய்த்த சம்சாரிகள் மட்டும் கமலை கட்டி இறைத்தார்கள். கமலை மாட்டை அவிழ்த்துவிட்டு ஆயில் எஞ்சின் வைத்தவர்கள்தான் எங்கள் பக்கத்தின் முதல் எஞ்சின் முதலாளிகள். நான் ஸ்பேனர் பிடித்துப் பழகியதும் அந்த எஞ்சின்களில்தான்.

ஆயில் எஞ்சினில் அப்போது இரண்டு கட்சி. ஒன்று, இங்கிலாந்து லிஸ்டர் மாதிரியைப் பார்த்து ராஜ்கோட் பக்கம் செய்து வந்த ஸ்லோ ஸ்பீடு எஞ்சின். பெரிய இரும்புச் சக்கரம் இரண்டு, நிமிடத்துக்கு 650 சுற்று, கிணற்றடியில் ஓடினால் பக்கத்து ஊர் வரை சத்தம் கேட்கும். இன்னொன்று, 1946-ல் புனேயில் தொடங்கிய கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின்ஸ் கொண்டுவந்த 1500 சுற்று ரகம். அது சின்னது, எடை குறைவு, மாட்டு வண்டியில் ஏற்றி அடுத்த கிணற்றுக்குக் கொண்டு போகலாம். குதிரைசக்தி இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. சம்சாரி கேட்டது மூன்றே கேள்வி. மணிக்கு எவ்வளவு குடிக்கும்? நடுக்காட்டில் நின்றுபோனால் யார் வந்து பார்ப்பான்? நாளைக்கு விற்றால் என்ன போகும்?

பிறகு நான் மதுரையில் ஒரு கார் பட்டறையில் தொழில் கற்று, அருப்புக்கோட்டையில் சொந்தமாக ஷெட் போட்டேன். கான்டெசா, லேன்சர், ஆக்டேவியா என்று பெரிய வண்டிகள் வந்து நின்றன. வண்டிதான் மாறியது, கேள்விகள் அதே மூன்றுதான். இப்போது சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பையன்கள் போன் போட்டு, "மாமா, 1.0 எடுக்கவா, 1.5 எடுக்கவா?" என்று கேட்கிறார்கள். ஒரே காருக்கு இரண்டு பெட்ரோல் எஞ்சினை வைத்து, உனக்கு எது பிடிக்கும் என்று கம்பெனிக்காரன் நம்மைக் கேட்பது எங்கள் பக்கத்துக்குப் புதுசு. அரை நூற்றாண்டாகச் சொகுசுக் காரின் எஞ்சினை ஓட்டுகிறவன் தேர்ந்தெடுக்கவில்லை. முதலில் பாக்டரி தேர்ந்தெடுத்தது, அதற்குப் பிறகு பங்க்கில் தொங்கிய விலைப்பலகை தேர்ந்தெடுத்தது. நான் பார்த்ததையும், பார்த்தவர்கள் சொல்லக் கேட்டதையும் வைத்து அந்தக் கதையைச் சொல்கிறேன்.

எரிபொருள்தான் வண்டியின் குணத்தை முடிவு செய்யும் என்பது தென்மாவட்டங்களுக்கு இரண்டாம் உலகப் போரிலேயே தெரிந்துவிட்டது. பெட்ரோலுக்கு ரேஷன் வந்ததும் மதுரை டி.வி.எஸ். கரியை எரித்து வாயு உண்டாக்கும் கேஸ் பிளான்ட் செய்து வண்டிகளுக்குப் பொருத்தியது. பஸ்ஸோடு ஒட்டி நெட்டுக்குத்தாக ஓர் உருளை. அதில் கரியைக் கொட்டிப் பற்றவைத்து, வாயு கிளம்பும் வரை பிரயாணிகள் புளியமரத்தடியில் காத்திருக்க வேண்டும். எஞ்சின் பழையதேதான், இழுவை மட்டும் குறைந்துபோகும். ஏற்றம் வந்தால் ஆட்கள் இறங்கித் தள்ளிய கதையை எங்கள் பெரியவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் கார் என்றால் மூன்று வகை: கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவின் அம்பாசிடர், பம்பாயின் பியட், நம் வண்டலூர்ப் பக்கத்து ஸ்டாண்டர்ட். அம்பாசிடர் 1957-ல் வந்தது. கொஞ்ச நாளில் அதற்கு 1489 சி.சி. எஞ்சின் அமைந்தது. அந்த எஞ்சின் எண்பதுகள் வரை பெரிய மாற்றம் இல்லாமல் ஓடியது. எந்த எஞ்சின் வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. பணம் கட்டிவிட்டு எத்தனை வருஷத்தில் வண்டி வரும் என்றுதான் கேட்டார்கள். வேகத்தின் மேல் ஆசை இருந்த பணக்காரப் பிள்ளைகள் மெட்ராஸுக்கு வடக்கே சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டையும் பியட்டையும் பிரித்துக் கோர்த்துப் பந்தயம் விட்டார்கள். அது வேறு உலகம். எங்கள் பக்கம் பிளசர் என்றால் அம்பாசிடர். அதில் ஒன்பது பேர் ஏறி மறுவீட்டுக்குப் போவார்கள்.

1973-ல் அரபு நாடுகள் எண்ணெய் விலையை ஏற்றியபோது இந்தக் கதை திரும்பியது. அரசாங்கம் டீசலை லாரிக்கும் பஸ்ஸுக்கும் பம்ப் செட்டுக்கும் என்று குறைந்த விலையிலும், பெட்ரோலைப் பணக்காரன் சரக்கு என்று கூடுதல் விலையிலும் வைத்தது. வாடகை ஓட்டுகிறவர்கள் முதலில் விழித்துக்கொண்டார்கள். அம்பாசிடரின் பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சினை ஏற்றும் தொழில் ஊர் ஊராகப் பிறந்தது. 1980 வாக்கில் இந்துஸ்தான் மோட்டார்ஸே டீசல் அம்பாசிடரை விட்டது. அதே 1489 சி.சி.தான், குதிரைசக்தி நாற்பதுக்கும் கீழே. ஆயில் எஞ்சினில் பழகிய எங்கள் காதுக்கு அந்தச் சத்தம் அந்நியமாகப் படவில்லை.

எண்பதுகளின் நடுவில் அரசாங்கம் பிடியைக் கொஞ்சம் தளர்த்தியது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்ததும் பழைய மூன்று கம்பெனிகளுக்கும் பயம் பிடித்தது. சின்னக் காரில் மாருதியோடு மோத முடியாது, பெரிய கார் செய்வோம் என்று மூவரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கிளம்பினார்கள். உத்தர்பாராவிலிருந்து 1984-ல் கான்டெசா. பம்பாயிலிருந்து 1985-ல் பிரீமியர் 118 என்.இ. வண்டலூரிலிருந்து அதே வருஷம் ஸ்டாண்டர்ட் 2000. மூன்றுமே வெளிநாட்டில் காலம் முடிந்த, அல்லது முடியவிருந்த கார்களின் பாடி. பிரீமியர்காரர்கள் மட்டும் புத்திசாலித்தனமாக நிசானிடம் 1171 சி.சி. எஞ்சினை வாங்கிப் போட்டார்கள். எஞ்சின் சின்னது, ஆனால் நவீனமானது. மற்ற இருவரும் செய்ததுதான் வேடிக்கை.

ஸ்டாண்டர்ட் 2000-ஐக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், நம் மண்ணில் செய்த கார் அது. பிரிட்டனில் அதன் பெயர் ரோவர் எஸ்.டி.1. டேவிட் பேச் வடிவமைத்து 1976-ல் வெளிவந்த வண்டி, 1977-க்கான ஐரோப்பாவின் சிறந்த கார் விருது வாங்கியது. மூக்கு தாழ்ந்து, முதுகு சரிந்து, நின்றுகொண்டிருக்கும்போதே ஓடுவது போலத் தோன்றும். முதலில் வந்தது எட்டு சிலிண்டர் 3528 சி.சி. எஞ்சின். மறு வருஷம் ஆறு சிலிண்டரில் 2300, 2600 என்று இரண்டு. 1982-ல் நாலு சிலிண்டர் இரண்டாயிரம், கூடவே டர்போ டீசல். அந்த எட்டு சிலிண்டரையே முறுக்கேற்றி 190 குதிரைசக்தியில் விட்டெஸ் என்று ஒன்று. வெள்ளைக்காரன் கடைக்குப் போனால் பர்ஸைப் பார்த்துத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

வண்டலூரில் கிடைத்தது ஒன்றே ஒன்று, அதுவும் மேலே சொன்ன பட்டியலில் இல்லாதது. 1991 சி.சி., எண்பத்துச் சொச்சம் குதிரைசக்தி. 1947-ல் ஸ்டாண்டர்ட் வான்கார்ட் காருக்காகப் பிறந்த எஞ்சின் குடும்பம் அது. அதே குடும்பம்தான் பெர்குசன் டிராக்டரிலும் உழுதது, டிரையம்ப் டி.ஆர்.2 ஸ்போர்ட்ஸ் காரிலும் பாய்ந்தது. கழற்றி மாட்டக்கூடிய லைனர். தேய்ந்தால் பிளாக்கைப் போரிங் போடாமலே புது லைனரை இறக்கிவிடலாம். மெக்கானிக்காகச் சொல்கிறேன், அந்தக் காலத்துக்கு அது தங்கமான ஏற்பாடு. ஆனால் 1985-ல், ஊரிலேயே விலை கூடிய காரின் பேனட்டுக்குள், நாற்பது வயசு எஞ்சின்! கம்பெனியைக் குறை சொல்வதும் லேசு. அவர்களிடம் வேன்களுக்காக அந்த எஞ்சினைச் செய்யும் மிஷின்கள் தயாராக இருந்தன. புது எஞ்சினை இறக்குமதி செய்ய அன்னியச் செலாவணியும் லைசென்ஸும் வேண்டும். இருப்பதைப் போட்டார்கள். நம் ரோட்டுக்காக வண்டியைத் தரையிலிருந்து தூக்கியும் வைத்தார்கள். பாய்கிற மாதிரி செய்த உடம்பு, தூக்கியதும் எட்டிப் பார்க்கிற மாதிரி ஆகிவிட்டது. மூன்று வருஷம்கூட முழுசாக ஓடவில்லை. 1988-ல் உற்பத்தி நின்றது, கம்பெனியும் எழுந்திருக்கவில்லை. 2006-ல் பிரிட்டனின் உதிரிபாக வியாபாரி ஒருவர் அந்தப் பழைய பாக்டரியில் கிடந்த மிச்சத் தகடுகளையும் சாமான்களையும் மொத்தமாக விலைக்கு வாங்கிக் கொண்டுபோனார். அங்கே எஸ்.டி.1-ஐக் கண்ணாக வைத்திருக்கிறவர்களுக்கு வண்டலூர்த் தகடு உபயோகப்பட்டது.

கான்டெசாவின் தொடக்கமும் இதே மாதிரிதான். பிரிட்டனின் வாக்ஸால் வி.எக்ஸ். காரின் அச்சுகளை வாங்கி வந்து பாடியை அடித்தார்கள். அகலமான பாடி, அமெரிக்கக் கார் மாதிரி நீண்ட பேனட், பின்னால் ஒரு குடும்பத்தின் கல்யாணச் சீரே அடங்கும் டிக்கி. அந்த நீண்ட பேனட்டைத் திறந்தால் உள்ளே அம்பாசிடரின் அதே 1489 சி.சி., ஐம்பது குதிரைசக்தி, நாலு கியர். பட்டு வேட்டி கட்டிக்கொண்டு ரப்பர் செருப்பில் வந்த மாப்பிள்ளை போல இருக்கும். பிரிட்டனில் இதே எஞ்சினுக்கு இரட்டைக் கார்புரேட்டர் மாட்டி எம்.ஜி.ஏ. என்ற ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டினார்கள் என்று மதுரைப் பட்டறையில் மூத்த மேஸ்திரி சொன்னபோது நான் நம்பவில்லை. பிறகு படம் போட்ட புஸ்தகத்தில் பார்த்துத்தான் நம்பினேன். டன்னுக்கு மேல் எடை உள்ள கான்டெசாவில் ஏ.சி.யைப் போட்டால் அந்த எஞ்சின் மூச்சுவிடக் கஷ்டப்படும். ஓவர்டேக் செய்யும்போது டிரைவர்கள் ஏ.சி.யை அணைத்துவிட்டு, முந்திய பிறகு மறுபடி போடுவார்கள். பின்சீட்டு முதலாளிக்கு ஒவ்வொரு லாரிக்கும் ஒரு தடவை வேர்க்கும்.

எண்பதுகளின் பிற்பகுதியில் ஜப்பான் ஐசூசுவோடு ஒப்பந்தம் போட்டு, மத்தியப் பிரதேசம் பிதாம்பூரில் எஞ்சின் பாக்டரி வைத்து, இந்துஸ்தான் மோட்டார்ஸ் கான்டெசா கிளாசிக்கைக் கொண்டுவந்தது. 1817 சி.சி. பெட்ரோல், எண்பத்தெட்டுக் குதிரைசக்தி, ஐந்து கியர். நாட்டில் செய்த கார் ஒன்றின் உடம்புக்கும் எஞ்சினுக்கும் முதல் தடவையாகப் பொருத்தம் அமைந்தது. அருப்புக்கோட்டையிலிருந்து தூத்துக்குடி ரோட்டில் கரிசல் காடு இருபக்கமும் விரிந்து கிடக்கும். ரோடு நூல் பிடித்த மாதிரி போகும். வேலை முடித்த வண்டியை டிரையல் பார்க்க அந்தப் பக்கம்தான் எடுத்துப் போவேன். 1.8-ல் ஐந்தாம் கியர் விழுந்ததும் எஞ்சின் சத்தம் அடங்கி டயர் சத்தம் மட்டும் கேட்கும். ஏ.சி. போட்டாலும் இழுவை குறைவது தெரியாது. அந்தக் காலத்து சினிமாவில் கதாநாயகன் ஓட்டிய வெளிநாட்டுக் கார் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

பிறகு டீசல் கான்டெசா வந்தது. 1995 சி.சி. ஐசூசு, குதிரைசக்தி ஐம்பது சொச்சம். ஒரே உடம்பு, இரண்டு எஞ்சின். எங்கள் பக்கத்துக் காசுக்காரனுக்கு முதல் தடவையாக உண்மையான தேர்வு வாய்த்தது. அவன் எதை எடுத்தான் என்பதில்தான் மொத்தக் கதையும் இருக்கிறது.

தொண்ணூறுகளில் பெட்ரோல் விலை டீசலைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். 1.8 பெட்ரோல் நூறு கிலோமீட்டருக்குப் பதினோரு லிட்டர் குடிக்கும், டீசல் எட்டு லிட்டர் குடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலையும் பாதிக்குக் கீழே என்றால் எரிபொருள் செலவு மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கிவிடுகிறது. பருத்திக் கமிஷன் கடைக்காரர், கரிமூட்டம் போட்டு வடக்கே லாரி லாரியாக ஏற்றுகிறவர், நூல் மில்லுக்குச் சரக்குப் போடுகிறவர், சிவகாசிக்கு அலைகிறவர், எல்லாரும் தினம் ரோட்டில் இருக்கிறவர்கள். இவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

ஒரு பருத்தி யாவாரி ஞாபகத்துக்கு வருகிறார். வெள்ளை 1.8 வைத்திருந்தார், கண்ணாடி மாதிரித் துடைத்துவைப்பார். ஒருநாள் ஷெட்டுக்கு வந்து, "தம்பி, இந்த எஞ்சினை இறக்கிட்டு டீசல் ஏத்திரு" என்றார்.

"அண்ணாச்சி, இதுல இருக்கிற இழுவை அதுல வராது. லாரியை முந்த முடியாது."

"நான் எதுக்குய்யா லாரியை முந்தணும்? லாரியில போறதே என் சரக்குத்தான்."

எனக்குப் பதில் வரவில்லை. எஞ்சினை இறக்கினேன்.

அப்படி இறக்கி ஏற்றுவது சாமானிய வேலை இல்லை, இப்போதுள்ளவர்களுக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன். கம்பெனியின் டீசல் எஞ்சின் கைக்கு எட்டாதவர்கள் மெடடார் வேன் எஞ்சினைத் தேடுவார்கள். மகேந்திரா ஜீப்பில் வந்த பியூஜோ வழி எஞ்சினையும் போட்டார்கள். டீசல் எஞ்சின் எடை கூடியது, முன்பக்கம் குனிந்துவிடும்; ஸ்பிரிங்கைக் கனமாக்க வேண்டும். எஞ்சினும் கியர் பாக்ஸும் வேறு வேறு ஜாதி, நடுவில் தகடு வெட்டிப் பொருத்த வேண்டும். அதில் மயிரிழை கோணினாலும் கிளட்ச் தின்றுபோகும். பெட்ரோல் எஞ்சின் இழுக்கும் காற்றில் உண்டாகும் வெற்றிடத்தை வைத்துத்தான் பிரேக் பூஸ்டர் வேலை செய்யும். டீசலில் அந்த வெற்றிடம் கிடையாது, தனியாக வேக்குவம் பம்ப் வைக்க வேண்டும். இது தெரியாத ஷெட்டுகளில் ஏற்றிவிட்டு, பிரேக்கை இரண்டு காலாலும் மிதித்து ஓட்டியவர்கள் உண்டு. எல்லாம் முடிந்தபின் ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஆர்.சி. புக்கில் புது எஞ்சின் நம்பரையும் எரிபொருளையும் ஏற்ற வேண்டும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியை மாற்றிக் கட்டுவதைப் பற்றியதுதான். அதை மதித்தவர்கள் பாதிப்பேர்கூட இருக்க மாட்டார்கள்.

மாற்றி முடித்த கான்டெசா டிராபிக்கில் நின்றால் கதவுக் கண்ணாடி கடகடக்கும். ஸ்டீரிங்கில் வைத்த கை மரத்துப்போகும். ஆனாலும் கல்யாண மண்டப வாசலில் வந்து இறங்கும்போது அது கான்டெசாதான். மரியாதை பாடிக்கு, கணக்கு எஞ்சினுக்கு என்று எங்கள் ஷெட்டில் சொல்வோம். பரளச்சிச் சம்சாரி ஸ்லோ ஸ்பீடு எஞ்சினைப் பார்த்துக் கேட்ட மூன்று கேள்விக்கும் டீசல் கான்டெசா பாஸாகிவிட்டது. 1.8 முதல் கேள்வியிலேயே பெயிலானது. நாட்டில் அதுவரை செய்ததிலேயே நன்றாக ஓடிய பெரிய காருக்கு அந்தக் கதி.

1991-க்குப் பிறகு வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குக் கதவு திறந்தது. போர்டு கம்பெனி 1996-ல் எஸ்கார்ட்டைக் கொண்டுவந்தது, அதிலும் பெட்ரோல், டீசல் இரண்டும் உண்டு. 1998-ல் திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் மிட்சுபிஷியோடு சேர்ந்து லேன்சர் செய்தது. எனக்குப் பிடித்த வண்டி. உலக ராலிப் பந்தயங்களில் பெயர் வாங்கிய குடும்பம், தாழ்ந்த உருவம், திருப்பத்தில் ஸ்டீரிங் சொன்னபடி கேட்கும். 1468 சி.சி. பெட்ரோலில் எண்பத்தேழு குதிரைசக்தி; 1998 சி.சி. டீசலில் அறுபத்தெட்டு. கனமும் சத்தமும் கூடி, வேகம் குறைந்த அந்த டீசல் லேன்சர்தான் என் ஷெட்டுக்கு அதிகம் வந்தது. மறு வருஷம் வந்த போர்டு ஐகானின் 1.6 பெட்ரோல், தொண்ணூற்றிரண்டு குதிரைசக்தியோடு, அந்த விலைக்குக் கிடைத்த வண்டிகளில் துள்ளல் மிகுந்தது. அதை வாங்கியவர்கள் பெரும்பாலும் டாக்டர்கள். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு என்று குறைவாக ஓட்டுகிறவர்கள். எந்த எஞ்சின் என்பதை மாதம் எத்தனை கிலோமீட்டர் என்பதுதான் முடிவு செய்தது, கால் எவ்வளவு துடித்தது என்பது இல்லை.

2002 வாக்கில் காமன் ரெயில் வந்தது. இருங்காட்டுக்கோட்டையில் செய்த ஹூண்டாய் அக்சென்ட் சி.ஆர்.டி.ஐ. மூன்று சிலிண்டர்தான், எண்பத்திரண்டு குதிரைசக்தி. அதே காலத்தில் ஸ்கோடா ஆக்டேவியாவும் டர்போ டீசலோடு வந்தது. இதுவரை டீசல் எடுத்தவன் ஓட்டும் சுகத்தை விட்டுக்கொடுத்துத்தான் எடுத்தான். இனி விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. டர்போ பிடித்ததும் பின்னாலிருந்து தள்ளுகிற மாதிரி முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஆக்டேவியாவிலேயே 150 குதிரைசக்தியில் ஆர்.எஸ். என்று டர்போ பெட்ரோல் ஒன்றையும் விட்டார்கள். எங்கள் பக்கம் அதை வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2007 மார்ச்சில் செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் மகேந்திரா சிட்டியில் பி.எம்.டபிள்யூ. பாக்டரி திறந்தது. ஓட்டுகிறவனுக்காகவே கார் செய்கிறோம் என்று பெயர் வாங்கிய கம்பெனி. நாலு சிலிண்டர் பெட்ரோலில் 320ஐ, ஆறு சிலிண்டரில் 325ஐ, டீசலில் 320டி. மதுரைப் பக்கம் பங்க்கில் நின்ற பி.எம்.டபிள்யூ.க்களின் டிக்கியைப் பார்த்தால் எழுத்து 'டி'யில்தான் முடியும். அத்தனை லட்சம் கொடுத்தவனும் பங்க்கில் நம் சம்சாரிதான்.

ஆனால் இரண்டாவது கேள்வி, யார் வந்து பார்ப்பான் என்பது, காமன் ரெயிலோடு மாறிப்போனது. பழைய டீசலில் நாசிலைக் கழற்றி, பம்ப்பைக் கலிப்ரேஷன் கடைக்குக் கொடுத்து, சாயங்காலம் ஓட்டிவிடலாம். இதில் கம்ப்யூட்டர் செருகிப் பார்க்காமல் எதையும் தொடக்கூடாது. டீசலில் மண்ணெண்ணெய் கலந்திருந்தாலோ தண்ணீர் இறங்கியிருந்தாலோ இன்ஜெக்டர் போய்விடும், அதன் விலைக்கு ஒரு பழைய அம்பாசிடர் வாங்கலாம். என்னைப் போன்றவர்களின் தொழில் அங்கேதான் சுருங்கியது.

பிறகு விலைப்பலகையும் கைவிட்டது. 2010 ஜூனில் பெட்ரோல் விலையை அரசாங்கம் சந்தைக்கு விட்டபோது டீசல் ஓட்டுகிறவர்களுக்குக் கொண்டாட்டமாக இருந்தது. 2013 ஜனவரியிலிருந்து டீசலையும் மாதாமாதம் ஐம்பது பைசா போல ஏற்றினார்கள். 2014 அக்டோபரில் அதுவும் சந்தைக்குப் போனது. இடைவெளி குறுகிக் குறுகி, டீசல் எஞ்சினுக்குக் கூடுதலாகக் கொடுத்த லட்சத்தைத் திரும்ப எடுக்க வருஷக்கணக்கில் ஓட்ட வேண்டும் என்றானது. 2020 ஏப்ரலில் பி.எஸ். ஆறு விதி அமலானதும் புகையைச் சுத்தம் செய்யும் சாமான்களின் செலவு டீசலில் ஏறியது. மாருதி டீசல் காரையே நிறுத்திவிட்டது, ஸ்கோடாவும் போக்ஸ்வாகனும் நிறுத்தின. நாற்பது வருஷமாக எங்கள் பக்கம் எஞ்சினைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்த கணக்கு ஒரே மாதத்தில் காலாவதியானது.

மிச்சம் இருப்பது பெரும்பாலும் பெட்ரோல், பெட்ரோலுக்குள் தேர்வு. 2022-ல் வந்த போக்ஸ்வாகன் விர்ட்டஸில் மூன்று சிலிண்டர் 1.0 டர்போவுக்கு 115 குதிரைசக்தி, நாலு சிலிண்டர் 1.5 டர்போவுக்கு 150. இந்த 1.5 லேசாக ஓடும்போது இரண்டு சிலிண்டரைத் தானே அணைத்துக்கொள்ளும். 2023-ல் வந்த நம் இருங்காட்டுக்கோட்டை வெர்னாவில் சாதா 1.5-க்கு 115, டர்போ 1.5-க்கு 160. கான்டெசா 1.8-ன் எண்பத்தெட்டை எண்ணிப் பாருங்கள். இன்றைக்கு ஒரு லிட்டர் எஞ்சின் அதைச் சாதாரணமாகத் தாண்டிவிடுகிறது.

மாமாவிடம் கேட்ட பையன்களுக்கு என் பதில் இதுதான். சென்னை டிராபிக்கில் ஆபீஸ் போக, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் ஊர் வர என்றால் சின்ன எஞ்சினே போதும், மிச்சக் காசில் நல்ல டயர் போடுங்கள். மாதாமாதம் அம்மாவைப் பார்க்க நாலுவழிச் சாலையில் ராத்திரியோடு ராத்திரியாக வருகிறவன் பெரியதை எடுக்கட்டும். பஸ்ஸை முந்தும் நேரம் குறையும், அது பவிசு இல்லை, பாதுகாப்பு. மூன்றாவது கேள்வியான விற்கிற விலையை இந்தத் தலைமுறை மறந்துவிடலாம். எந்த எரிபொருள் பத்து வருஷம் நிற்கும் என்று இன்று யாராலும் ஜோசியம் சொல்ல முடியாது.

பழைய கான்டெசா தேடி வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதன் உற்பத்தி 2002-ல் நின்றது. இப்போது கொட்டகையில் கிடந்ததற்கெல்லாம் விலை வந்திருக்கிறது. டீசல் மாற்றிக் கட்டியதை வாங்காதீர்கள், கம்பெனி 1.8 பெட்ரோலைத் தேடுங்கள். பேனட்டைத் திறந்து பிளாக்கில் உள்ள எஞ்சின் நம்பரை ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பதினைந்து வருஷத்துக்குப் பிறகான பதிவுப் புதுப்பிப்பு எதுவரை இருக்கிறது என்றும் பாருங்கள். இப்போது பங்க்கில் வருவது எத்தனால் கலந்த பெட்ரோல், அதனால் ஓட்டுவதற்கு முன் டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை உள்ள ரப்பர் ஓஸ் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள்.